காரை ‘லோ’ பண்ணப் போறீங்களா? ஸ்பிரிங்கை நீங்களே மாற்றலாமா... ஷாப்பில் கொடுக்கலாமா?

டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவில் நான்கு விரல் போகிற மாதிரி ஒரு இடைவெளி. புது கார் வாங்கிய பல இளைஞர்களின் கண்ணை உறுத்துவது இதுதான். ‘ஒரு இன்ச் இறக்கினா போதும், வண்டி லுக்கே மாறிடும்’ என்று நண்பர் ஒருவர் சொல்வார். ரீல்ஸில் ஒருவர் வீட்டு வாசலிலேயே அரை மணி நேரத்தில் ஸ்பிரிங் மாற்றிக் காட்டுவார். அடுத்து வருகிற கேள்வி, ‘லேபர் சார்ஜை மிச்சம் பண்ணி நாமே மாட்டிடலாமா?’

பையன் கேட்டாலும் சரி, கணவர் கேட்டாலும் சரி, இந்த முடிவு வீட்டில் எல்லோரையும் பாதிக்கும். அதே காரில்தான் தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். பிள்ளைகளை ஸ்கூலில் விட வேண்டும். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு முழுக் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

லோயரிங் ஸ்பிரிங் என்ன செய்கிறது?

காரின் எடையைத் தாங்குவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே இருக்கும் காயில் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கைவிட உயரம் குறைந்த, ஆனால் கடினம் கூடிய ஸ்பிரிங். பொதுவாக 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை காரை இறக்கும்.

இறங்கினால் காரின் புவியீர்ப்பு மையம் தாழ்கிறது. வளைவுகளில் சாய்வது குறையும். ஸ்டீயரிங் திருப்பியதும் கார் உடனே கேட்கும். கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் ஓடும் கார்கள் தரையோடு ஒட்டி நிற்பது இதனால்தான்.

கடினம் ஏன் கூட வேண்டும்? கார் இறங்கிவிட்டதால், பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறுவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைவு. அந்தக் குறைந்த தூரத்துக்குள் அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்றால், ‘பம்ப் ஸ்டாப்’ என்ற ரப்பரில் போய் இடிக்கும். அந்த ‘டம்’ சத்தம் முதுகெலும்பு வரை கேட்கும். ஆக, சொகுசு கொஞ்சம் போகும். இது எந்த பிராண்டு வாங்கினாலும் தவிர்க்க முடியாதது.

நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர் கணக்கு

மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர், வீல்பேஸ் 2,450 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் இறக்கினால் மிச்சம் 128.

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலை காங்கிரஸ் அளவு வகுத்து வைத்திருக்கிறது: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. இந்த அளவில் போட்ட வேகத்தடையின் மேல் ஸ்விஃப்ட் ஏறி நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். சக்கரங்கள் நிற்கும் இடத்தைவிட மேட்டின் உச்சி சுமார் 44 மில்லிமீட்டர்தான் உயரம். அதாவது, இறக்கிய காருக்கும்கூட 84 மில்லிமீட்டர் இடைவெளி மிச்சம். ஒரு கவலையும் இல்லை.

ஆனால் நம் தெருக்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வேகத்தடை அல்ல. வீட்டு வாசலில் குழி தோண்டி மூடிய சிமென்ட் மேடு, ஒரு அடி அகலத்தில் செங்குத்தாக நிற்கும். அதைக் கடக்கும்போது முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம், இரண்டுமே தரையில் இருக்கும். மேட்டின் முழு உயரமும் காரின் வயிற்றுக்கு நேராக வரும். மேடு 15 சென்டிமீட்டர் என்றால், கம்பெனி உயரத்தில் உள்ள ஸ்விஃப்ட் 13 மில்லிமீட்டரில் தப்பிக்கும். இறக்கிய ஸ்விஃப்ட் 22 மில்லிமீட்டர் அளவுக்கு உரசும்.

இது கார் ஆடாமல் அசையாமல் நிற்கும் கணக்கு. நான்கு பேர் ஏறி, டிக்கியில் லக்கேஜும் வைத்தால் இன்னும் சில சென்டிமீட்டர் குறையும். உங்கள் தெருவில் இருக்கும் மேடுகளை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சாய்தளத்தையும் பாருங்கள். பலருக்கு முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

மழைக்காலமும் கணக்கில் உண்டு. கார் இறங்கும்போது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயும் அதே அளவு இறங்குகிறது. தேங்கிய தண்ணீரில் அது மூழ்கினால் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து பெரிய செலவில் விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

‘ஆர்.சி-யில் ஸ்பிரிங் உயரம் என்று ஒரு கட்டமே இல்லையே’ என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை நடுரோட்டில் அதிகாரியிடமோ, நீதிமன்றத்திலோ வைக்க வேண்டியது நீங்கள்தான். ஸ்பிரிங் விற்றவர் வரமாட்டார்.

இதைவிட அன்றாடம் கடிக்கக்கூடியது இன்ஷூரன்ஸ். காரில் செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பிறகு க்ளெய்மில் அதை ஒரு காரணமாகக் காட்ட இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வாரன்ட்டியில் இருக்கும் காரில் சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட புகார் வந்தாலும் இதே கதைதான். ஜெர்மனியில் இப்படி ஸ்பிரிங் மாற்றினால், அதற்குரிய சான்றிதழோடு தொழில்நுட்ப ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நம்மூரில் லோயரிங் ஸ்பிரிங்குக்கு அப்படிப் பழக்கமான ஒரு வழி கிடையாது. அதனால் முதல் போன் கால் மெக்கானிக்குக்கு வேண்டாம், ஆர்.டி.ஓ அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போகட்டும்.

நீங்களே மாற்றினால்...

டிராக்குக்கு மட்டும் கொண்டுபோகிற கார், அல்லது எல்லாம் விசாரித்து முடிவெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை எப்படி நடக்கும்?

பல ஹேட்ச்பேக் கார்களில் பின்பக்கம் ‘டார்ஷன் பீம்’ அமைப்பு. ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ் வயரும் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கை பழகியவர்களுக்கு இது நிதானமான வேலை.

முன்பக்கம்தான் சிக்கல். அங்கே இருப்பது ‘மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்’. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றி ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக இருக்கும். வீலைக் கழற்றி, பிரேக் ஹோஸ் கிளிப், ஏ.பி.எஸ் வயர், லிங்க் ராடு ஆகியவற்றை விடுவித்து, நக்கிளில் உள்ள இரண்டு போல்ட்டுகளையும், பானெட்டுக்குள் தெரியும் மேல் நட்டுகளையும் கழற்றினால் ஸ்ட்ரட் வெளியே வரும். இதுவரை பொறுமை இருந்தால் முடியும்.

அந்த ஒரு நட்டு!

இனிமேல்தான் ஆபத்து. ஸ்ட்ரட்டின் உச்சியில், நடுவில், ஒரு நட்டு இருக்கும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டு வராமல் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரே நட்டுதான்.

அந்த ஸ்பிரிங்கின் பலத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம். 900 கிலோ எடையுள்ள, முன்சக்கரம் இழுக்கும் காரில் சுமார் 60 சதவிகித எடை முன்பக்கம் இருக்கும். ஒரு முன் சக்கரத்தின் பங்கு ஏறக்குறைய 270 கிலோ. அவ்வளவு எடையைச் சுமக்கிற ஸ்பிரிங்கைக் கையால் அமுக்க முடியாது. ‘ஸ்பிரிங் கம்ப்ரஸர்’ என்ற கருவியால் அமுக்கிப் பிடித்து, மேல் தட்டில் அழுத்தம் போய்விட்டதை உறுதி செய்த பிறகுதான் அந்த நட்டைத் தொட வேண்டும். முன்னாலேயே கழற்றினால் மேல் தட்டும் ஸ்பிரிங்கும் முகத்தை நோக்கிப் பாயும். பல்லும் தாடையும் உடையலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடையில் கிடைக்கும் சாதாரண கம்ப்ரஸர் என்பது கொக்கி வைத்த இரண்டு திருகு கம்பிகள். இரண்டையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர் பக்கங்களில் மாட்டி, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். இம்பேக்ட் கன் வைத்து வேகமாக முறுக்கவே கூடாது. ஸ்ட்ரட்டின் இரு முனைகளுக்கும் நேராகத் தலையையோ கையையோ வைக்கக் கூடாது. பக்கத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது.

நல்ல ஷாப்பில் இதற்கென்றே ஸ்டாண்டோடு வரும் பெரிய கம்ப்ரஸர் இருக்கும். ஸ்பிரிங்கை அகலமான பிடிகள் கவ்விக்கொள்ளும். நீங்கள் கொடுக்கும் லேபர் சார்ஜில் பெரும் பங்கு இந்த ஒரு கருவிக்கும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த கைக்கும்தான்.

செலவில் எவ்வளவு மிச்சம்?

ஸ்பிரிங் செட்டின் விலை இரண்டு வழியிலும் ஒன்றுதான். மிச்சமாவது கூலி மட்டும். ஆனால் நீங்களே செய்வதற்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்:

* தரையில் தள்ளிக்கொண்டு போகிற டிராலி ஜாக்கி. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான்.
* இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது.
* நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர்.
* சாக்கெட் செட்டும் டார்க் ரென்ச்சும். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்; கை உணர்வை நம்பக் கூடாது.
* சமமான கான்கிரீட் தரை. மண் தரையும், சாய்வான வாசலும் உதவாது.
* துணைக்கு ஒரு ஆள், முழுதாக ஒரு நாள்.

இவற்றை ஒரே ஒரு முறை பயன்படுத்துவதற்காக வாங்கினால், கூலியில் மிச்சமானது கருவியில் போய்விடும். ஏற்கெனவே பிரேக் பேட், ஷாக் எல்லாம் சொந்தமாக மாற்றிப் பழகி, கருவிகளும் வைத்திருப்பவருக்குத்தான் உண்மையில் பணம் மிச்சம். முதல் முறை காருக்கு அடியில் படுப்பவருக்கு இது பயிற்சிக்கான வேலையே இல்லை.

ஷாப்பில் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஷாப்பில் கொடுத்தாலே பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் இந்த வேலையைத் தொட மாட்டார்கள். வெளிக்கடைக்குப் போகும்போது இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. ஸ்டாண்டு வைத்த கம்ப்ரஸர் இருக்கிறதா? நேரில் பார்த்துவிடுங்கள்.
2. கடைசியில் டார்க் ரென்ச் வைத்து முறுக்குவார்களா? இம்பேக்ட் கன்னோடு முடித்துவிடுவார்களா?
3. ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் ஆகியவற்றைப் பார்த்து, தேய்ந்திருந்தால் சொல்வார்களா? ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மாற்றினால் இரண்டாவது கூலி மிச்சம்.
4. வீல் அலைன்மென்ட் செய்து, அதன் பிரின்ட் தருவார்களா?
5. வேலைக்கு பில் உண்டா? ஒரு வாரத்தில் சத்தம் வந்தால் திரும்பிப் பார்ப்பார்களா?

இன்னொன்று, பழைய ஸ்பிரிங்குகளைக் கட்டாயம் திரும்ப வாங்கி வீட்டில் வையுங்கள். பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டலாம். கார் விற்கும்போதும் கம்பெனி உயரத்துக்கே மாற்றிக்கொடுக்கலாம்.

‘ரெண்டு சுத்து வெட்டிடலாம்ணே!’

சில பட்டறைகளில் இந்த யோசனை வரும். புது ஸ்பிரிங்கே வேண்டாம், இருப்பதையே கிரைண்டரால் வெட்டிவிடலாம் என்பார்கள். செலவு மிகக் குறைவு. தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்றுகள் குறையக் குறைய அதன் கடினம் கூடும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினாலே 20 சதவிகிதம் கூடிவிடும். ஷாக் அப்சார்பர் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. ஸ்பிரிங்கின் முனை, தட்டில் சரியாக உட்காருவதற்கென்று வடிவம் கொடுக்கப்பட்டது. அதை வெட்டிவிட்டால், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறி உட்காரலாம். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம். இரும்புக்கு ஏற்றியிருந்த உரமே போய், நாளடைவில் தொய்ந்துவிடும் அல்லது உடைந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி

கொஞ்சம் கைவேலை தெரியும், ஆனால் அந்த நட்டு பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பின்பக்க ஸ்பிரிங்கை நீங்களே மாற்றுங்கள். முன்பக்க ஸ்ட்ரட்டை முழு செட்டாகக் கழற்றி, இன்னொரு வண்டியில் ஷாப்புக்கு எடுத்துப்போங்கள். ஸ்பிரிங்கை மட்டும் அவர்கள் மாற்றித் தரட்டும். வீட்டுக்கு வந்து நீங்கள் மாட்டலாம். கூலியும் குறையும், ஆபத்தான வேலையும் பழகிய கையில் நடக்கும்.

திரும்ப மாட்டும்போது இரண்டு விஷயங்கள் முக்கியம். ஸ்பிரிங்கின் முனை கீழ்த்தட்டில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, கார் தன் எடையில் தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

மாற்றிய பிறகு...

யார் மாற்றினாலும் அலைன்மென்ட் கட்டாயம். கார் இறங்கும்போது சக்கரத்தின் சாய்வும் (கேம்பர்) திசையும் (டோ) மாறிவிடும். அப்படியே ஓட்டினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்க்கும்போது டயர் புதிதாகத் தெரியும். உள்ளே கம்பி தெரிய ஆரம்பித்திருக்கும். வேகத்தில் டயர் வெடிப்பதற்கு இது போதும். ஸ்பிரிங் ஓரிரு வாரம் ஓடிச் சற்று அமர்ந்த பிறகு இன்னொரு முறை அலைன்மென்ட் பார்ப்பது நல்லது. அலைன்மென்ட்டுக்கு ஆகும் சில நூறு ரூபாயில் கஞ்சத்தனம் காட்டி, ஒரு செட் டயரை இழக்க வேண்டாம்.

ஹெட்லைட் உயரத்தையும் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவில் இறங்கவில்லை என்றால், வெளிச்சம் ரோட்டில் விழும் இடம் மாறியிருக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சரிபார்த்துவிடுங்கள். ஸ்டீயரிங் திருப்பும்போது ‘டங்’ என்று சத்தம் வந்தால், தள்ளிப்போடாமல் ஸ்ட்ரட் மவுன்ட்டைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒரு வாக்கெடுப்பு

மூட்டு வலியுள்ள பாட்டிக்கு, சீட் ஒன்றரை இன்ச் இறங்குவது சின்ன விஷயமல்ல. ஏறி உட்காருவதைவிட எழுந்து வெளியே வருவது கஷ்டம். முதுகு வலிக்காரர்களுக்குக் கடினமான ஸ்பிரிங் பகைதான். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். காரை ஓட்டுபவருக்குக் கிடைக்கும் சந்தோஷத்துக்கான விலையைப் பின் சீட்டில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். அதனால் ஸ்பிரிங் ஆர்டர் போடும் முன், லோ பண்ணிய நண்பரின் காரில் வீட்டு ஆட்களை ஒரு ரவுண்டு அழைத்துப்போங்கள். உங்கள் தெரு வழியாகவே போங்கள்.

அழகு மட்டும்தான் காரணம் என்றால், கம்பெனி அனுமதித்த அளவுக்குள் அலாய் வீலை மாற்றினாலே காரின் தோற்றம் நன்றாக மாறும். வளைவில் கார் சாய்வதுதான் பிரச்னை என்றால், முதலில் ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 60,000, 70,000 கிலோமீட்டர் ஓடிய பல கார்களுக்கு புது ஷாக் போட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதற்குச் சட்டச் சிக்கலும் இல்லை, இன்ஷூரன்ஸ் கேள்வியும் இல்லை.

இதற்கெல்லாம் பிறகும் ஸ்பிரிங் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால், ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பின்பக்கம் உங்கள் விருப்பம். முன்பக்க ஸ்ட்ரட்டின் நடு நட்டு, அதற்குரிய கருவியும் பழகிய கையும் இருப்பவரின் வேலை.